நூறு பேரை எனக்குத் தெரியாது

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மகள் எப்படி இருக்கிறாள் என்று எழுது.

போன் செய்திருக்கலாமே என்று உன் மகள் கேட்பாள். உனக்குப் போனில் காது கேட்பதில்லை. எனக்கோ மணி அடித்தாலே, யாரோ லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று கை தானாகச் செருப்பைத் தேடுகிறது. லிப்ட் ரிப்பேர் வேலையை விட்டு இத்தனை காலமாகியும் இந்தப் புத்தி போகவில்லை. ஆகையால் வழக்கம்போலக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெரிய கட்டடத்து லிப்டில் ஏதோ சத்தம், எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் பிடிபடவில்லையாம். நம்மைத்தான் கேட்கிறார்களே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மேல் மாடியிலிருந்து மெஷின் ரூமுக்கு இரும்புப் படி ஏற வேண்டும். ஏறி முடித்தபோது மெஷின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார், கண்ணை மூடிட்டு மெஷினைக் கேக்குறீங்களா?" என்றார் மெக்கானிக்.

"ஆமா, பேசாம இருங்க" என்றேன். பிறகு, பிரேக்கில்தான் கோளாறு என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அது சரியாகப் போய்விட்டது. மானம் தப்பியது.

வீட்டுக்காரி விடுவாளா, டாக்டரிடம் இழுத்துப் போனாள். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இதயத்துலேருந்து ரத்தம் வெளிய போற வழியில இருக்கிற வால்வு சுருங்கிப்போச்சு. மாத்தியாகணும். நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை வழியா குழாய் விட்டே வச்சிடலாம்." உனக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் செய்த அதே வேலைதான்.

நான் இன்னும் சரி சொல்லவில்லை. வைக்கிற வால்வு எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டேன். நூறு பேருக்கு வைத்தால் இத்தனை பேருக்கு இத்தனை வருஷம் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். அக்கா, அந்த நூறு பேரை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். வேறோர் இடத்தில் எப்படி ஓடியது என்று விசாரிக்காமல் நான் எந்தச் சாமானையும் லிப்டில் மாட்டியதில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

உன் வால்வு எப்படி இருக்கிறது? உள்ளதை உள்ளபடி எழுது. நீ சொல்வதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்காவின் ஆசிகள். எழுபத்தோரு வயதுக்காரனைச் சுண்டு என்று கூப்பிட இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம், அதனால் பொறுத்துக்கொள். முழங்கால் மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது, மற்றபடி குறையில்லை. மகள் எதிர் வீட்டில் இருந்துகொண்டு என்னைக் காவல் காக்கிறாள்.

மெஷின் ரூமில் மயங்கி விழாமல் டூல் பாக்ஸில் உட்கார்ந்தாயே, அந்த மட்டுக்கும் அறிவு இருக்கிறது. அந்த அறிவை இன்னும் கொஞ்சம் நீட்டி டாக்டருக்குச் சரி என்று சொல்லிவிடு.

எனக்குச் செய்த அன்று காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், மத்தியானம் வெளியே கொண்டுவந்தார்கள், அந்த வாரமே வீடு. தொடையில் ஒரு சின்னத் தையல், அவ்வளவுதான். வைப்பதற்கு முன்னால் மாதிரி வால்வு ஒன்றை டாக்டரம்மா என் கையில் கொடுத்தார். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வை வெட்டி, ஒரு கம்பி வலைக்குள் வைத்துக் கையால் தைத்திருக்கிறார்கள். ஒரு தையலில்கூட நூல் சுருங்கவில்லை. நாற்பது வருஷமாக நாடகக்காரர்களுக்குத் துணி தைக்கிறவள் சொல்கிறேன், அதைத் தைத்தவளை எங்கள் உடை அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கலாம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வால்வு வகுப்பு ஆரம்பித்தது. அந்த மாதம் வைத்துக்கொண்டவர்களை எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே வாரத்தில் கூப்பிடுவார்கள். எக்கோ எடுப்பார்கள், தாழ்வாரத்தில் நடக்கச் சொல்வார்கள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார்கள். நடக்கிற பரீட்சையில் ரொட்டிக்கடைக்காரருக்கும் தலைமையாசிரியை அம்மாவுக்கும்தான் போட்டி. அவர் ஓடப் பார்ப்பார், நர்ஸ் "ஓடக் கூடாது தாத்தா, நடக்கணும்" என்று பின்னாலேயே போவாள். எங்கள் வார்டில் எனக்கு அடுத்த கட்டில் அவருடையது. அப்போதே எண்பதைத் தாண்டியவர்.

இந்த வருஷப் பரிசோதனை மார்ச்சில். முடிந்ததும் எழுதுகிறேன். ஆனால் அதற்காக நீ காத்திருக்காதே. தம்பி மனைவியிடம் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ச்சி. இங்கே எல்லாம் முன்போலத்தான். மழை வரப்போகிறதா என்று உன் முழங்காலைக் கேட்டுச் சொல்.

காத்திருக்காதே என்கிறாய். காத்திருக்கத்தான் போகிறேன். உன் பரிசோதனை முடியட்டும். போன வருஷத்துச் சான்றை வைத்துக்கொண்டு இந்த வருஷம் லிப்டை ஓட்ட முடியுமா?

நான் இப்போது நடக்கும் அழகைப் பார்த்தால் சிரிப்பாய். கடைத்தெருவில் மூச்சு வாங்கினால், நின்று கண்ணாடிக்குள் இருப்பதை வேடிக்கை பார்க்கிற மாதிரி பாவனை செய்கிறேன். நேற்று அப்படி நின்ற கடை பெண்களுக்கான கல்யாண உடை விற்கும் கடை. உள்ளேயிருந்து விற்பனைப் பெண் வெளியே வந்து, "யாருக்குங்க, பேத்திக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லப்போக, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பத்துப் பன்னிரண்டு உடைகளைக் காட்டினாள். நல்ல நாற்காலி. மூச்சு சீராகும் வரை எல்லாவற்றையும் பார்த்தேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னால், "இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா, அந்தக் கடையிலேயே படுக்கை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்கிறாள். கோபமாக இருக்கிறாள். கோபமாக இருந்தால் நன்றாகச் சமைப்பாள், அது ஒரு லாபம்.

பரிசோதனை முடிந்த அன்றே எழுது.

தம்பி


மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் அன்பு. நான் நலம். உன் வீட்டில் கோபம் தணிந்து சாப்பாடு மோசமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அரங்கத்தில் புது நாடகத்துக்கு வேலை. பரிசோதனைக்குப் போய் வந்தேன். இந்த வருஷம் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர்தான். தலைமையாசிரியை அம்மா, கண்ணாடிக்கடைக்காரர், நான். ரொட்டிக்கடைக்காரருக்குப் பதில் அவருடைய மகள் வந்திருந்தார். குளிர்காலத்தில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டாராம். தொண்ணூற்றிரண்டு வயது. "கடைசி வரைக்கும் வால்வு நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். அதைச் சொல்வதற்காக ஒரு மகள் பஸ் ஏறி வந்திருக்கிறாள் பார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம், பிறகு அவர் ஓடின கதையைச் சொல்லிச் சிரித்தோம். நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள்.

டாக்டரம்மா நன்றாகப் பேசினார். என் விஷயம் பழையபடிதான்.

புது நாடகத்தில் எல்லாம் ராஜா காலத்து உடை. ஒவ்வொரு சட்டைக்கும் கொக்கி, கொக்கிக்குப் பக்கத்தில் கொக்கி. மேலே உடை அறையில் ஒரே கூட்டமாக இருப்பதால், நான் இப்போது கீழே வாயிற்காவலர் அறையில் உட்கார்ந்து தைக்கிறேன். துணிகளை அவர்களே கொண்டுவந்து தருகிறார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. காவலர் நாள் முழுக்கத் தன் மருமகனைப் பற்றிப் பேசுகிறார். அந்த மருமகனை நான் பார்த்ததில்லை, ஆனால் எதிரில் வந்தால் ஓர் அறை கொடுத்துவிடுவேன்.

ஆக, நீ கேட்டது கிடைத்துவிட்டது. இனிச் சாக்குச் சொல்லாதே. தேதி வாங்கு.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை சுமுகமாக இருக்கிறது.

தேதி வாங்கிவிட்டேன். மே முதல் வாரம். ஸ்கேன் எடுத்தாயிற்று. தொடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் குழாய் போகும் பாதை முழுவதையும் படம் பிடித்து, வால்வு உட்காரும் இடத்தின் சுற்றளவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அந்த அளவுக்குத்தான் வால்வு எடுப்பார்களாம். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அளந்து வேலை செய்கிறவனை நம்பலாம்.

மீதிப் பாதி உன்னால் போயிற்று. ஒன்பது வருஷம் ஓடி இன்னும் பழையபடி இருக்கிறது என்றால் அது சாமான்.

ரொட்டிக்கடைக்காரருக்காக வருந்தினேன். பார்த்ததில்லை, ஆனாலும் வருந்தினேன்.

தம்பி


ஏப்ரல் 6

அக்கா,

நேற்றுத்தான் எழுதிப் போட்டேன். இன்று காலை உன் கடிதத்தை வீட்டுக்காரிக்கு மறுபடி வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

வாயிற்காவலர் அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உங்கள் அரங்கத்தில் ஆள் ஏறக் கூடாத அந்தச் சாமான் லிப்டைப் பார்ப்பதற்காக வந்தபோது நான் அந்த அறையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குச் சன்னலே கிடையாது.

நீ ஏன் மாடி ஏறுவதில்லை?

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மகளும் நலமா? பதிலே இல்லை. நீ பதில் போடாமல் இருந்ததே இல்லை. உன் மகளுக்கு வீட்டுக்காரியை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். "அம்மா நல்லா இருக்காங்க, எழுதுறேன்னு சொல்றாங்க" என்று அவளும் மழுப்புகிறாள். உன் வளர்ப்பு.

லிப்டில் ஒரு விஷயம் உண்டு. "எல்லாம் நல்லா ஓடுது" என்று குடியிருப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் கவனித்தால், ஒவ்வொருவராகப் படியில் ஏறி இறங்க ஆரம்பித்திருப்பார்கள். அவர்கள் சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் செய்வதைத்தான் நான் பார்ப்பேன்.

மே தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் வால்வைப் பற்றி உண்மை தெரியாமல் நான் மேஜையில் ஏறமாட்டேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. போன வாரம் குளியலறையில் கொஞ்ச நேரம் உட்காரும்படி ஆயிற்று, வேறொன்றும் இல்லை.

தம்பி


மே 1

வணக்கத்துக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அவர் காதில் விழும். அதனால் அவர் தூங்கும்போது இதை எழுதுகிறேன்.

அவர் குளியலறையில் உட்காரவில்லை, விழுந்தார். கண் செருகிவிட்டது. கதவைத் தாழ் போடாமல் இருந்ததால் பிழைத்தார். மயக்கம் வரத் தொடங்கிவிட்டால் இனித் தள்ளிப்போடுவது ஆபத்து என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். இவரிடமும் சொன்னார். இவர், "அக்கா எழுதட்டும்" என்கிறார்.

எனக்குக் கோபம் உங்கள் மேலும் இருக்கிறது, அண்ணி. அவரை வளர்த்த கை உங்கள் கை. நான் சொல்லி அவர் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். நல்லதோ கெட்டதோ, உண்மையை எழுதிவிடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 6

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று உன் வீட்டில் விசாரணை வைக்காதே.

நீ கேட்ட உண்மை இதுதான். என் வால்வு தேய்ந்துவிட்டது. இதழ்கள் தடித்து, திறக்க வேண்டிய அளவு திறக்கவில்லை. போன வருஷம் லேசாகத் தெரிந்தது, இந்த வருஷம் நன்றாகத் தெரிகிறது. உடை அறை மூன்றாவது மாடியில். இலையுதிர்காலத்திலிருந்தே எனக்கு இரண்டாவது மாடிக்கு மேல் முடியவில்லை. பழைய வால்வுக்கு உள்ளேயே இன்னொரு வால்வை அதே தொடை வழியாக வைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். எனக்கு இது அவசரம் இல்லை, ஆனால் அடுத்த குளிர்காலம் வரை விடக் கூடாதாம்.

இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன், உன் முதல் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. "நீ சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வேன்." என் வால்வு தேய்ந்தது என்று எழுதினால் நீ மாட்டேன் என்பாய். அதனால்தான் மறைத்தேன். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் சன்னல் இல்லாத அறையில் வெளிச்சம் வரத்தான் செய்யும். ஏப்ரல் முழுவதும் உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். நீ விழுந்தாய் என்று தெரிந்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஆனால் நீ கேட்ட கேள்வியே தப்பு, தம்பி. தேய்ந்ததா என்று கேட்கிறாய். தேயும் வரைக்கும் என்ன நடந்தது என்று கேட்டாயா? நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் உன் கம்பெனி மேடையில் ஏறி, சின்ன வயதில் நீ அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னது யார்? என் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஒரு வருஷம் அவள் வீட்டைத் தூக்கி நிறுத்தியது யார்? எத்தனை ராஜாக்களுக்கு உடை தைத்திருக்கிறேன். அந்த வால்வு இல்லாவிட்டால் அந்த வருஷமே நான் போயிருப்பேன் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். நீ லிப்டில் கம்பிக் கயிறு மாற்றுகிறாயே, கயிறு தேய்ந்துவிட்டது, ஆகவே லிப்டே வேண்டாம், எல்லோரும் கீழேயே இருங்கள் என்று யாரிடமாவது சொன்னாயா?

இப்போது என் முடிவு. எனக்கும் அந்த நூறு பேரைத் தெரியாது. உன்னைத்தான் தெரியும். புது வால்வு இப்போது எப்படி இருக்கிறது, வைத்துக்கொண்டவன் எப்படி எழுந்து நடக்கிறான் என்று தெரியாமல் நான் எப்படி மேஜையில் ஏறுவேன்? நீ செய்துகொண்டு, உன் கையாலேயே எழுதிய கடிதம் எனக்கு வர வேண்டும். அது வரும் வரைக்கும் நான் தேதி வாங்கமாட்டேன். நீ எத்தனை மாதம் இழுக்கிறாயோ அத்தனை மாதம் நானும் காவலரின் மருமகன் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிடிவாதம் நம் இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில் கிடைத்தது. எனக்கு ஏழு வருஷம் அதிகம்.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

இது என் கையெழுத்துதான். கோணலாக இருப்பது படுக்கையில் சாய்ந்து எழுதுவதால். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பைப் பற்றி நீ எழுதுவதை இனி நான் நம்புவதாக இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் உன்னைத் திட்டினேன். வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள். பிறகு அழுதேன். அதற்கும் அவள் தலையாட்டினாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், எப்போது இடம் இருக்கிறதோ அப்போது என்றேன்.

முழுதாக மயக்கம் கொடுக்கவில்லை. அரைத் தூக்கத்தில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய திரையில் என் நெஞ்சுக்குள்ளே குழாய் ஏறி வருவதைக் காட்டினார்கள். வால்வை விரிக்கும் நேரத்தில் டாக்டர், "இப்ப கொஞ்ச நேரம் உங்க இதயத்தை வேகமா ஓட விடுவோம், படபடன்னு இருக்கும், பயப்படாதீங்க" என்றார். அது வேகமாகத் துடிக்கும்போது ரத்தத்தின் தள்ளல் குறையுமாம், அந்த இடைவெளியில் வால்வை உட்காரவைத்துவிடுகிறார்கள். அக்கா, நாங்கள் ஒரு போல்ட் மாற்றுவதென்றாலும் லிப்டை நிறுத்தி, போர்டு தொங்கவிட்டு, எல்லாரையும் படியில் போகச் சொல்வோம். இவர்கள் ஓடுகிற மெஷினில் மாற்றுகிறார்கள். நான் அந்த மேஜையிலேயே தொப்பியைக் கழற்றியிருப்பேன், தொப்பி இருந்திருந்தால்.

பேஸ்மேக்கர் வேண்டுமோ என்று சில நாள் துடிப்பைக் கவனித்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வால்வு வைத்த அன்று சாயங்காலம் என் கால் விரல்கள் சூடாக இருந்தன. அவை இத்தனை நாளாகச் சில்லென்று இருந்தன என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

நேற்றுக் கடைத்தெருவில் நிற்காமல் நடந்தேன். கல்யாண உடைக் கடைப் பெண் கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டினாள்.

நீ கேட்ட கடிதம் இதோ. உடனே தேதி வாங்கு. எனக்கு நீ வேண்டும், அக்கா. அதை எழுதினால் சிரிப்பாய் என்று இதுவரை எழுதவில்லை.

சுண்டு


ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா உயிரோடுதான் இருக்கிறேன். மகள் உனக்குத் தகவல் சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் கையால் எழுதாமல் நீ நம்பமாட்டாய். தம்பி மனைவிக்கு என் அன்பு. அவளுக்குத் தனியாகவும் எழுதுகிறேன், அவளிடம் நான் கடன்பட்டவள்.

உன் கடிதம் வந்ததும் தேதி வாங்கினேன். எனக்கு அளவெடுக்கவே பல நாள் ஆயிற்று. உள்ளே ஏற்கெனவே ஒரு வால்வு இருக்கிறதல்லவா, அதற்குள் இன்னொன்றை விரித்தால் இதயத்துக்கே ரத்தம் போகும் சின்னக் குழாய்களின் வாயை அடைத்துவிடக் கூடாதாம். திரும்பத் திரும்பப் படம் பார்த்து, இடம் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் செய்தார்கள். வேலை நன்றாக முடிந்தது. ஆனால் தொடையில் குத்திய இடத்தில் ரத்தம் கட்டி, முழங்கால் வரைக்கும் கத்திரிக்காய் நிறம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் இந்தத் தாமதம். ஒன்றும் மறைக்கவில்லை, காலைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமென்றாலும் அனுப்புகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை எனக்குப் பயமே இருக்கவில்லை. உன் அத்தான் போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை, நடந்தால் நடக்கட்டும் என்று இருந்தேன். இந்தத் தடவை நன்றாகப் பயந்தேன். இந்த ஒன்பது வருஷத்தில் விட்டுப்போக மனமில்லாதது நிறையச் சேர்ந்துவிட்டது. அவர்கள் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, உன் சூடான கால் விரல்களை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. "என்னம்மா சிரிக்கிறீங்க?" என்றாள் நர்ஸ். "என் தம்பி காலை நினைச்சேன்" என்றேன். மயக்க மருந்து அதற்குள் வேலை செய்கிறது என்று நினைத்திருப்பாள்.

இந்த வாரம் அரங்கத்துக்குப் போனேன். மூன்றாவது மாடிக்கு நானே ஏறினேன், மெதுவாகத்தான், ஒருமுறை நின்றுதான். உடை அறையில் என் நாற்காலியின் மேல் எவளோ தொப்பிகளை அடுக்கியிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்து அவள் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கே நிஜமாகவே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கீழே காவலர்தான் வருத்தமாக இருக்கிறார், மருமகன் கதையைக் கேட்க ஆள் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாவது மாடி என்று படித்ததும் வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். நாங்கள் நலம். நான் இப்போது மெஷின் ரூம் வரைக்கும் ஏறுகிறேன். கம்பெனியில் வேண்டாம் என்கிறார்கள், நானாகப் போகிறேன்.

போன வாரம் என் முதல் பரிசோதனை. எக்கோவில் வால்வு அழகாகத் திறந்து மூடுகிறதாம். அதன்பின், வால்வு வைத்துக்கொண்டவர்கள் வருஷாவருஷம் எப்படி இருக்கிறார்கள் என்று பத்து வருஷத்துக்குப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆராய்ச்சியில் சேருகிறீர்களா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். சேர்ந்துவிட்டேன். எனக்கும் இனி ஒரு வகுப்பு இருக்கிறது.

"உங்களைப் பத்தி விசாரிக்க இன்னொருத்தர் பேர் வேணும் சார். வருஷத்துக்கு ஒரு தடவை அவங்களுக்குக் கடிதம் போடுவோம்" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். வயது கேட்டாள், எழுபத்தெட்டு என்றேன். பேனாவை எடுத்தவள் எழுதாமல் நிமிர்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். இது பத்து வருஷம். அவங்களைவிட வயசு குறைஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க. ஆனா இவங்க பேரையே எழுதுங்க."

"உங்க உடம்பைப் பத்தி உண்மையைச் சொல்வாங்களா?"

"என் உடம்பைப் பத்தின்னா சொல்வாங்க. அவங்க உடம்பைப் பத்தித் தெரியணும்னா மட்டும் என்கிட்டக் கேளுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். ஆகவே, அக்கா, உனக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். உன் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். பத்துக் கடிதத்துக்கும் நீதான் பதில் போட வேண்டும். போடுவாய் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் சுண்டு